நிலம் முதலில், நீர் பிறகு: சர்தார் சரோவர் அணையும் அது மூழ்கடித்த ஊர்களும்

சர்தார் சரோவர் அணையால் இடம்பெயர்ந்தவர்களுக்கு நிலத்துக்கு நிலம் தரவேண்டும் என்று நர்மதை நடுவர் மன்றம் 1979-லேயே உத்தரவிட்டிருந்தது. அப்படியிருந்தும் 2019-ல் அணை முதன்முறையாக நிரம்பியபோது, இன்னும் மறுவாழ்வு கிடைக்கவில்லை என்று மத்தியப் பிரதேசத்து ஊர்க்காரர்கள் ஏன் போராடினார்கள், ‘மறுவாழ்வு முழுமையாக முடிந்தது’ என்ற அரசின் கூற்றுக்கும் ஊராரின் கூற்றுக்கும் நடுவே உண்மை எங்கே இருக்கிறது என்பது உங்கள் கேள்வி. சுருக்கமான பதில் இதுதான்: விதி நல்ல விதி. அந்தக் காலத்து இந்தியாவில் வேறு எந்த அணைக்கும் அவ்வளவு விரிவான மறுவாழ்வு விதி எழுதப்பட்டிருக்கவில்லை. ஆனால் அந்த விதி இரண்டு கால்களில் நின்றது. யாரைப் பாதிக்கப்பட்டவர் என்று எண்ணுவது என்பது ஒன்று. நிலம் கொடுத்த பிறகே நீரைத் தேக்குவது என்ற வரிசை மற்றொன்று. நாற்பது ஆண்டுகளில் இரண்டும் மெல்ல மெல்ல விலகின. சுவரின் உயரம் மட்டும் விலகாமல் ஏறிக்கொண்டே இருந்தது. விரிவாகச் சொல்கிறேன்.

அமர்கண்டக்கில் பிறந்து ஏறத்தாழ 1,312 கிலோமீட்டர் மேற்கே ஓடி, பரூச் அருகே காம்பே வளைகுடாவில் கலக்கும் நதி நர்மதை. அதன் பெரும்பகுதி மத்தியப் பிரதேசத்தில் ஓடுகிறது. கடைசிப் பகுதிதான் குஜராத்துக்கு உரியது. 1961 ஏப்ரல் 5 அன்று குஜராத்தின் நவாகாம் அருகே ஜவாஹர்லால் நேரு அணைக்கு அடிக்கல் நாட்டினார். அப்போது மனத்தில் இருந்தது இன்றைய அணையைவிட மிகச் சிறியது. பிறகு 1965-ல் கோஸ்லா குழு, நீர்மட்டம் 500 அடிவரை தேங்கும்படி கட்டலாம் என்றது. அவ்வளவு உயரத்தில் தேக்கினால் மூழ்குவது தங்கள் நிலம் என்பதால் மத்தியப் பிரதேசம் மறுத்தது. வழக்கு 1969-ல் அமைக்கப்பட்ட நடுவர் மன்றத்துக்குப் போயிற்று. பத்தாண்டு விசாரணைக்குப் பின் 1979 டிசம்பரில் வந்த இறுதித் தீர்ப்பு, முழு நீர்மட்டத்தை 455 அடி, அதாவது 138.68 மீட்டர் என்று நிர்ணயித்தது. நதியில் பயன்படுத்தத்தக்க நீர் 2.8 கோடி ஏக்கர் அடி என்று கணக்கிடப்பட்டது. காவிரிச் செய்திகளில் நமக்குப் பழகிப்போன டி.எம்.சி. கணக்கில் இது சுமார் 1,220. அதில் மத்தியப் பிரதேசத்துக்கு 795, குஜராத்துக்கு 392, மீதிச் சிறு பங்குகள் ராஜஸ்தானுக்கும் மகாராஷ்டிரத்துக்கும் என்று பிரித்தார்கள். நீர்ப்பங்கீட்டின் நியாயம் தனி விவாதம். உங்கள் கேள்விக்குத் தேவையானது, அந்த 455 அடி என்ற எண்தான். குஜராத்தில் நிற்கும் சுவர் 455 அடி மட்டத்துக்கு நீரைத் தேக்கினால், மேலே 214 கிலோமீட்டர் நீளத்துக்கு நீர்த்தேக்கம் நீளும். மூன்று மாநிலங்களில் சுமார் 37,000 ஹெக்டேர் நிலம் அதற்குள் போகும். அதிகாரபூர்வக் கணக்கின்படி பாதிக்கப்படும் ஊர்கள் 245. அவற்றில் குஜராத்தில் 19, மகாராஷ்டிரத்தில் 33, மத்தியப் பிரதேசத்தில் 193. பாசனம் பெறும் மாநிலத்தில் 19 ஊர்கள் போக, இந்த அணையின் பாசனத்தில் பங்கே இல்லாத மாநிலத்தின் மேல் 193 ஊர்களின் சுமை விழுந்தது. பின்னால் நடந்த பலவற்றுக்கு இந்த ஏற்றத்தாழ்வே வேர்.

நடுவர் மன்றமும் இதை உணர்ந்தே இருந்தது. அதனால்தான் மறுவாழ்வை மாநிலங்களின் நல்லெண்ணத்துக்கு விடாமல், தீர்ப்பின் உடம்புக்குள்ளேயே எழுதிவைத்தது. தன் நிலத்தில் 25 சதவீதத்துக்கு மேல் இழக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இழந்த அளவுக்கு நிலம், குறைந்தது 2 ஹெக்டேர், அதுவும் பாசன வசதியுள்ள நிலம் தரப்பட வேண்டும். வயது வந்த மகன் தனிக் குடும்பமாக எண்ணப்படுவான். (மகளைப் பற்றி அவ்விதி அப்படி ஒன்றும் சொல்லவில்லை, நிலத்தில் பெண்ணின் உழைப்பு அந்தக் கணக்கில் வரவே இல்லை என்பதை இங்கே குறித்துவைக்கிறேன்.) வீட்டுமனை 60 அடிக்கு 90 அடி, இலவசமாக. புதிய ஊரில் 100 குடும்பங்களுக்கு ஒரு தொடக்கப் பள்ளி, 50 குடும்பங்களுக்கு ஒரு குடிநீர்க் கிணறு, 500 குடும்பங்களுக்கு ஒரு பஞ்சாயத்துக் கட்டடம், ஒரு மருந்தகம், ஒரு விதைக் கிடங்கு, ஒரு குளம். 50 குடும்பங்களுக்கு ஒரு மரத்தடி மேடைகூட அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஊர் என்பது வீடுகளின் தொகுப்பு மட்டும் ஆகாது, மாலையில் கூடி உட்கார ஒரு மரத்தடி இல்லாமல் ஊர் நிறைவடையாது என்பதை நீதிபதிகள் அறிந்திருந்தார்கள் என்று தோன்றும்போது, அந்த ஆவணத்தின் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

ஆனால் மிக முக்கியமான விதி காலத்தைப் பற்றியது. நிலமும் மனையும் மூழ்கடிப்புக்கு ஓராண்டு முன்னதாகவே கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். இழப்பீடு முழுவதும் தரப்பட்டு, மறுவாழ்வு ஏற்பாடுகள் முடிக்கப்பட்டு, அது உரியவர்களுக்குத் தெரிவிக்கப்படும் வரை மத்தியப் பிரதேசத்திலோ மகாராஷ்டிரத்திலோ எந்தப் பகுதியும் எக்காரணம் கொண்டும் மூழ்கடிக்கப்படக் கூடாது என்று தீர்ப்பு தெளிவாகச் சொன்னது. செலவை ஏற்க வேண்டியது குஜராத். 1987-ல் ஒன்றிய அரசின் சுற்றுச்சூழல் துறை நிபந்தனையோடு ஒப்புதல் தந்தபோதும், அணைப் பணியும் மறுவாழ்வும் சுற்றுச்சூழல் பாதுகாப்பும் ஒன்றுக்கொன்று இணையாகவே நடக்க வேண்டும் என்றது. ‘முன்னதாக’ என்று இருந்த சொல் எட்டே ஆண்டுகளில் ‘இணையாக’ என்று மாறிவிட்டதைக் கவனியுங்கள். பிறகு வந்தவை அந்தச் சறுக்கலின் நீட்சிகள்.

இனி எண்ணிக்கைக்கு வருகிறேன். அதுதான் இந்த விவகாரத்தின் உள்முடிச்சு. 1979-ல் தீர்ப்பு எழுதப்பட்டபோது இடம்பெயர வேண்டிய குடும்பங்கள் சில ஆயிரங்கள் என்று மதிப்பிடப்பட்டது. 1990-களில் அரசின் சொந்தக் கணக்கே 40,000 குடும்பங்களைத் தொட்டுவிட்டது. மக்கள் பெருகியது ஒரு காரணம், வயது வந்த மகன்களைச் சேர்த்தது ஒரு காரணம். ஆனால் முதல் மதிப்பீட்டின்போது யாரும் ஊர் ஊராகப் போய் எண்ணவில்லை என்பதே பெரிய காரணம். உலக வங்கி அமைத்த பிராட்ஃபோர்ட் மோர்ஸ் தலைமையிலான சுதந்திர ஆய்வுக் குழுவும் 1992 ஜூனில் தந்த அறிக்கையில் இதைத்தான் கடிந்துரைத்தது: அடிப்படைத் தகவலே சரியாகத் திரட்டப்படாமல், பாதிக்கப்படுவோரைக் கலந்துகொள்ளாமல் திட்டம் தொடங்கப்பட்டிருக்கிறது.

மலைப்பகுதிப் பழங்குடிகளின் நிலையை எடுத்துக்கொள்ளுங்கள். சாத்பூரா, விந்திய மலைகளுக்கு நடுவே ஆற்றங்கரையில் பீல், பீலாலா, பாவ்ரா, தட்வி, வசாவா மக்கள் தலைமுறைகளாகச் சாகுபடி செய்துவந்த சரிவு நிலங்களில் பெரும்பங்கு, வனத்துறையின் ஏட்டில் காடு என்றே பதிவாகியிருந்தது. பட்டா இல்லை, ஆகவே அவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள். நிலம் இழப்பவருக்கு நிலம் என்ற விதி, ஏட்டின்படி நிலமே இல்லாதவரை எப்படிக் காக்கும்? நம் ஊர்ப் புறம்போக்கில் மூன்று தலைமுறையாகப் பயிர் செய்தவருக்கு நெடுஞ்சாலைக்காக நிலம் எடுக்கும்போது நேர்வதை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மக்களின் போராட்டமும் தன்னார்வ அமைப்புகளின் விடாமுயற்சியும் சேர்ந்து 1987 டிசம்பரில் குஜராத் அரசைக் கொள்கை மாற்றத்துக்குக் கொண்டுவந்தன. நிலமற்றவர், காட்டுநிலம் உழுதவர், வயது வந்த மகன்கள் எல்லாருக்குமே 2 ஹெக்டேர் என்று குஜராத் அறிவித்தது. அது உண்மையான முன்னேற்றம். அதை மறைத்துப் பேசுவது நியாயமாகாது. ஆனால் மற்ற இரு மாநிலங்களும் அந்த அளவுக்கு வரவில்லை. சொந்த மாநிலத்தில் இருந்தால் குறைவு, குஜராத்துக்குப் போனால் அதிகம் என்ற நிலையில், மொழியும் உறவும் காடும் ஆறும் தெரியாத சமவெளிக்குப் போவதா என்று ஒவ்வொரு வீட்டிலும் தந்தையும் மகனும் வெவ்வேறு பக்கம் நின்றார்கள். ஓர் ஊர் பல ஊர்களாகச் சிதறியது இப்படித்தான்.

எண்ணிக்கையிலேயே சேராதவர்கள் இன்னொரு வகை. மூழ்கும் பகுதியில் வசிப்பவர், உழுபவர், தொழில் செய்பவர் ஆகியோரையே தீர்ப்பு பாதிக்கப்பட்டவர் என்று வரையறுத்தது. அதனால் அணையின் குடியிருப்புக்காக 1961-லேயே நிலம் எடுக்கப்பட்ட கெவாடியா, கோத்தி, வாகடியா, லிம்டி, நவாகாம், கோரா ஆகிய ஆறு ஊர்களின் தட்விப் பழங்குடிகள் அந்த வரையறைக்கு வெளியே நின்றார்கள். அவர்கள் நிலம் நீரில் மூழ்கவில்லை. அலுவலகமும் பணியாளர் குடியிருப்பும் எழும்பின. 2018-ல் 182 மீட்டர் உயரப் பட்டேல் சிலை அதே வட்டாரத்தில்தான் திறக்கப்பட்டது. கால்வாய்க்காக நிலம் இழந்த விவசாயிகளுக்கும் இதே வரையறைதான் தடை. அணைக்குக் கீழே கழிமுகத்தில் உல்லம் மீனை நம்பியிருந்த மீனவர்களோ எந்தக் கணக்கிலும் இல்லை. நீர் வந்ததால் இழந்தவரை மட்டும் எண்ணிய விதி, நீர் வராமல் போனதால் இழந்தவரை எண்ணவில்லை.

இப்போது வரிசை. அணைச்சுவர் ஒரே நாளில் எழுவதில்லை. அதன் உயரத்தையே காலக்கணக்காக வைத்துப் பார்த்தால்தான் இந்த வரலாறு விளங்கும். பள்ளத்தாக்கில் சுவர் ஐந்து மீட்டர் ஏறினால், மேலே அந்த ஐந்து மீட்டர் மட்டத்துக்குள் இருக்கும் ஊர்கள் அடுத்த மழைக்காலத்தில் நீரைச் சந்திக்கும். முதலில் மலைவாழ் மக்களின் சிற்றூர்கள். மகாராஷ்டிரத்தின் முதல் ஊரான மணிபேலி 1990-களின் தொடக்கத்திலேயே நீரை எதிர்கொண்டது. ஊரைவிட்டு வெளியேற மறுத்தவர்கள் காவல்துறையால் அப்புறப்படுத்தப்பட்டார்கள். மேதா பட்கரும் அவர் முன்நின்று நடத்திய ‘நர்மதை பச்சாவ் ஆந்தோலன்’ (நர்மதையைக் காப்போம் இயக்கம்) என்ற மக்கள் அமைப்பும் நாடறிந்தது இந்தக் காலத்தில்தான். 1985-ல் 45 கோடி டாலர் கடனுக்கு ஒப்புக்கொண்ட உலக வங்கி, மோர்ஸ் அறிக்கைக்குப் பிறகு நிபந்தனைகளைக் கடுமையாக்கியது. அவற்றை நிறைவேற்றுவதற்குப் பதிலாக இந்திய அரசு 1993 மார்ச்சில் மீதிக் கடனே வேண்டாம் என்றது. அதைப் போராட்டத்தின் வெற்றி என்று பலர் எழுதினார்கள். என் கணிப்பு சற்று வேறு. அந்தக் கடனோடு சேர்ந்து, வெளியிலிருந்து கேள்வி கேட்கும் ஒரே கண்காணிப்பும் போயிற்று; சுவர் நிற்கவில்லை.

1994-ல் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1995-ல் சுவர் 80.3 மீட்டரில் நிறுத்தப்பட்டது. 1999 பிப்ரவரியில் 85 மீட்டருக்கு அனுமதி. அந்த மழைக்காலத்தில் டோம்கேடி, ஜல்சிந்தி ஊர்களில் மக்கள் ஏறிவரும் நீரில் நின்று சத்தியாகிரகம் செய்தார்கள். 2000 அக்டோபர் 18 அன்று இறுதித் தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் ஆனந்தும் கிர்பாலும் பெரும்பான்மை. நீதிபதி பரூச்சா மாறுபட்டார். இடம்பெயர்வது மட்டுமே அடிப்படை உரிமை மீறலாகிவிடாது, புதிய இடத்தில் முன்பைவிட நல்ல வாழ்க்கை கிடைக்கிறதா என்பதே பார்க்கத்தக்கது என்பது பெரும்பான்மையின் பார்வை. 90 மீட்டர் வரை உடனே கட்டலாம். அதற்குமேல் ஒவ்வொரு கட்டமும் மறுவாழ்வுக்கான துணைக்குழுவின் ஒப்புதலோடு என்று வகுத்தார்கள். கொள்கையளவில் இது ‘முன்னதாக’ என்ற சொல்லை மீட்டெடுத்தது போலத் தெரியும். நடைமுறையில், மாநில அரசு ‘மறுவாழ்வு முடிந்தது’ என்று தாக்கல் செய்யும் அறிக்கை ஒப்புதலுக்கு அடிப்படையாயிற்று. 2002-ல் 95 மீட்டர், 2003-ல் 100, 2004-ல் 110.64, 2006-ல் 121.92 என்று அடுத்தடுத்து அனுமதிகள் வந்தன. ஒவ்வொரு அறிக்கையிலும் ‘மறுவாழ்வு பாக்கி: இல்லை’ என்ற வரி. நீங்கள் கேட்ட அந்த அரசுக் கூற்று பிறந்தது இங்கேதான். அது முற்றிலும் கற்பனை என்று சொல்லமாட்டேன். பாக்கி என்பதன் பொருளை மாற்றினால் பாக்கி இல்லாமல் போய்விடும், அவ்வளவுதான்.

பொருள் எப்படி மாறியது என்பதற்கு மூன்று எடுத்துக்காட்டுகள் சொல்கிறேன்.

முதலாவது, தற்காலிக மூழ்கடிப்பு. வெள்ளக் காலத்தில் மட்டும் சில நாட்கள் நீருக்குள் போகும் நிலத்துக்கு உரியவர்கள் நிரந்தரமாக இழப்பவர்கள் ஆகமாட்டார்கள், ஆகவே அவர்களுக்கு மாற்று நிலம் இப்போது தேவையில்லை என்று மத்தியப் பிரதேச அரசு வாதிட்டது. பயிர் நிற்கும் காலத்தில் பத்து நாள் நீர் நின்றால் அந்த ஆண்டின் விளைச்சல் போயிற்று என்பது உழவர் யாருக்கும் தெரியும். 2005 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டை ஏற்கவில்லை. தற்காலிகமாக மூழ்குபவருக்கும், வயது வந்த மகன்களுக்கும் நில உரிமை உண்டு என்றது. நடுவர் மன்றம் 1979-ல் எழுதிய வரிகளில் ஏற்கெனவே ‘நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ’ என்ற பொருள் அடங்கியிருந்தது. இருந்ததை இருக்கிறது என்று சொல்லவைக்க இருபத்தாறு ஆண்டுகள் ஆயின.

இரண்டாவது, பின்தேங்கு நீர்மட்டம். அணையில் நீர் 138.68 மீட்டரில் நின்றாலும், மேலிருந்து வெள்ளம் வரும்போது நீர்த்தேக்கத்தின் வாலில் மட்டம் அதைவிட உயரும். இதைக் கணித்துத்தான் எந்த வீடு பாதிக்கப்படும் என்று முடிவுசெய்கிறார்கள். ஒருமுறை கணித்து, வீடுகளுக்கு எண் எழுதி, நிலத்தைக் கையகப்படுத்தி, பலருக்கு இழப்பீடும் கொடுத்த பிறகு, மட்டம் மறுபடி கணிக்கப்பட்டுக் குறைக்கப்பட்டது. சுமார் 16,000 குடும்பங்கள் பாதிக்கப்பட்டோர் பட்டியலிலிருந்து நீங்கின. காகிதத்தில் ஒரு கோடு கீழிறங்கினால் பாக்கி குறைந்துவிடும். அந்தக் கோட்டுக்கு மேலே மீண்டும் ‘பாதிக்கப்படாதவர்’ ஆனவர்களின் வீட்டுக்குள் நீர் வந்தால் அவர்கள் யாரிடம் போவது?

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் கொடியது. நிலத்துக்குப் பதில் பணம். கொடுக்க நிலம் இல்லை என்று சொன்ன மத்தியப் பிரதேச அரசு, சிறப்பு மறுவாழ்வுத் தொகுப்பு என்ற பெயரில் குடும்பத்துக்கு 5.58 லட்சம் ரூபாயை இரண்டு தவணைகளாகத் தந்தது. அதை வைத்து நீங்களே நிலம் வாங்கிக்கொள்ளுங்கள் என்றது. நிலம் வாங்கிய கிரயப் பத்திரத்தைக் காட்டினால்தான் இரண்டாம் தவணை. நர்மதையின் வடகரையிலும் தென்கரையிலும் பரந்த நிமாட் சமவெளி, பருத்தியும் மிளகாயும் வாழையும் கரும்பும் விளையும் கரிசல் நிலம். அதற்கு ஈடான 5 ஏக்கரை அந்தத் தொகைக்கு யாரும் விற்கமாட்டார்கள். இந்த இடைவெளிக்குள் தரகர்கள் நுழைந்தார்கள். இல்லாத நிலத்துக்கும், அரசு நிலத்துக்கும், வேறொருவர் நிலத்துக்கும் பத்திரங்கள் பதிவாயின. தவணைப் பணம் கைமாறியது. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர், அரசு ஏட்டில் நிலம் வாங்கி மறுவாழ்வு பெற்றவராகிவிட்டார். உண்மையில் அவரிடம் ஓர் ஏக்கரும் இல்லை. உயர் நீதிமன்றம் 2008-ல் அமைத்த நீதிபதி ஜா ஆணையம் பல ஆண்டு விசாரித்து 2016-ல் அறிக்கை தந்தது. போலிப் பத்திரங்கள் பெருமளவில் பதிவானதை அது உறுதிசெய்தது. 2017 பிப்ரவரி 8 அன்று உச்ச நீதிமன்றம், இனி நிலத்துக்காகக் காத்திருக்க இயலாது என்ற முடிவுக்கு வந்து, நிலம் பெறாத 681 குடும்பங்களுக்குத் தலா 60 லட்சம் ரூபாயும், போலிப் பத்திரத்தால் ஏமாற்றப்பட்ட 1,358 குடும்பங்களுக்குத் தலா 15 லட்சம் ரூபாயும் தரச்சொன்னது.

இந்த உத்தரவை நீங்கள் கேட்ட கேள்வியோடு சேர்த்துப் படியுங்கள். பத்தாண்டுகளுக்கு மேலாக ‘பாக்கி இல்லை’ என்று அறிக்கை தந்து சுவரை உயர்த்தியிருக்கிறார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு நிலம் கிடைக்கவில்லை என்பதை நாட்டின் உச்ச நீதிமன்றமே தொகை குறித்து ஏற்றிருக்கிறது. ஊராரின் கூற்று வெறும் பிடிவாதம் ஆகாது என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதே உத்தரவு, 2017 ஜூலை 31-க்குள் எல்லாரும் வெளியேற வேண்டும் என்றும் சொன்னது. ஒரு கை கொடுத்ததைக் காலக்கெடு விழுங்கியது. தொகை பெறத் தகுதியுண்டா என்ற வழக்காடலும், புதிய குடியேற்ற மனைகளில் தண்ணீரும் சாலையும் இல்லை என்ற முறையீடும் தீராத நிலையில், மேதா பட்கர் தலைமையில், மூழ்கவிருந்த மத்தியப் பிரதேச ஊரான சிக்கல்தாவில் உண்ணாநோன்பு நடந்தது. ஆகஸ்டில் அவர் அங்கிருந்து அப்புறப்படுத்தப்பட்டார்.

மத்தியப் பிரதேசத்தின் பர்வானி அருகே ஆற்றங்கரையில் ராஜ்காட் என்று ஓர் இடம் இருந்தது. காந்தி, கஸ்தூர்பா, மகாதேவ் தேசாய் மூவரின் அஸ்தியும் வைக்கப்பட்டிருந்த நினைவிடம். 2017 ஜூலை இறுதியில் அதை இயந்திரங்களால் பெயர்த்து எடுத்துச் சென்றார்கள். நினைவிடத்தைப் பெயர்க்கலாம், கோயிலைப் பெயர்க்கலாம். குஜராத்தின் சூல்பாணேஷ்வர் கோயில் நீரில் மூழ்கியபோது கோரா அருகே புதிதாகக் கட்டினார்கள். நர்மதையை வலப்புறம் வைத்து முழுதும் சுற்றிவரும் பரிக்கிரமா என்ற யாத்திரையில் மூன்று ஆண்டுகள்கூட நடக்கும் அடியார்களுக்குச் சோறும் திண்ணையும் தந்த கரையோர ஊர்களின் வரிசை மட்டும் அப்படிப் பெயர்க்க முடியாதது. தமிழ் வாசகர்களுக்கு இதில் ஒரு நெருக்கம் உண்டு. 1934-ல் மேட்டூர் அணை திறக்கப்பட்டபோது நீருக்குள் போன பண்ணவாடியின் நந்தியும் தேவாலயக் கோபுரமும், நீர்மட்டம் இறங்கும் கோடையில் வெளியே தெரிவதைப் பார்க்கக் கூட்டம் கூடுகிறது. அந்த ஊர்களிலிருந்து போனவர்கள் எங்கே போனார்கள், என்ன பெற்றார்கள் என்று நாம் கேட்பதில்லை. சர்தார் சரோவரின் கொள்ளளவு மேட்டூரைப்போல மூன்றரை மடங்குக்கும் சற்று அதிகம். அங்கே கேட்கப்பட்ட கேள்விகள் இங்கே கேட்கப்படவே இல்லை.

2017 ஜூனில் மதகுகளை மூட அனுமதி கிடைத்தது. செப்டம்பர் 17 அன்று பிரதமர் அணையை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் மழை குறைவு, அணை நிரம்பவில்லை. ஆகவே நிமாட்டின் பெரிய ஊர்கள் பட்டியலில் மூழ்கியவையாகவும் உண்மையில் விளக்கெரியும் ஊர்களாகவும் இருந்தன. 2019 செப்டம்பரில் நீர் 138.68 மீட்டரைத் தொட்டது. சந்தையும் கடைத்தெருவும் மாடிவீடுகளும் இருந்த நிசர்பூரும், சிக்கல்தாவும் நீருக்குள் போயின. இவை காட்டோரக் குடிசைகள் இருந்த ஊர்கள் ஆகா, நூற்றுக்கணக்கான ஆண்டு விவசாய நாகரிகம் கண்ட ஊர்கள். மத்தியப் பிரதேச அரசே அப்போது, மறுவாழ்வு முடியாததால் நீரை மெதுவாக நிரப்புங்கள் என்று கேட்டது. முந்தைய ஆட்சிகள் ‘பாக்கி இல்லை’ என்று கையெழுத்திட்ட அதே மாநில அரசின் வாயிலிருந்து வந்த சொல் அது. ஆட்சி மாறினால் எண்ணிக்கை மாறுமென்றால், அந்த எண்ணிக்கை எதை எண்ணியது?

மறுபக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. 458 கிலோமீட்டர் முதன்மைக் கால்வாய் ராஜஸ்தான் எல்லை வரை போகிறது. 2008-ல் ஜாலோர், பார்மேர் வறள்நிலங்களுக்கு நர்மதை நீர் போய்ச் சேர்ந்தது. சௌராஷ்டிரத்திலும் கட்ச்சிலும் கோடைக்குக் குடிநீர் லாரியையும் ரயிலையும் எதிர்பார்த்திருந்த ஊர்களுக்குக் குழாயில் நீர் வந்தது. குஜராத்தில் சுமார் 18 லட்சம் ஹெக்டேர் பாசனம் என்பது திட்டத்தின் இலக்கு. கிளைக் கால்வாய்கள் பல ஆண்டுகள் தாமதமானாலும் பெரும்பகுதி நிலத்துக்கு நீர் போகிறது. 1,450 மெகாவாட் மின் உற்பத்தித் திறனில் 57 சதவீதம் மத்தியப் பிரதேசத்துக்கு. கட்ச்சில் குடத்தோடு மைல்கணக்கில் நடந்த பெண்ணுக்கு இந்த நீர் உயிர். அந்தப் பெண்ணையும் நிசர்பூரின் பெண்ணையும் எதிரெதிரே நிறுத்தி யாருடைய துயரம் பெரிது என்று கேட்பது தவறான கேள்வி. கட்ச்சுக்கு நீர் போவதற்காக நிசர்பூர்க்காரர் நிலமின்றிப் போக வேண்டும் என்று நடுவர் மன்றம் சொல்லவே இல்லை. நிலம் கொடுத்துவிட்டு நீரைக் கொண்டுபோங்கள் என்றுதான் சொன்னது.

‘அப்படியானால் மறுவாழ்வு எங்குமே நடக்கவில்லையா’ என்றால், நடந்தது. குஜராத்தின் சமவெளிகளுக்குப் போன பழங்குடிக் குடும்பங்களில் சிலர் பாசன நிலம் பெற்று, பருத்தி போட்டு, பிள்ளைகளைப் படிக்கவைத்திருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் தலோதா வனப்பகுதியைத் திறந்து, மலையிலிருந்து இறங்கியவர்களுக்கு ஊர்கள் அமைத்தார்கள். நிலம் உண்மையாகக் கொடுக்கப்பட்ட இடங்களில் வாழ்க்கை வேர்பிடித்தது. நிலத்துக்கு நிலம் என்பது நடக்காத கனவு என்று சொல்பவர்களுக்கு இதுவே மறுப்பு. நடந்த இடங்களில் நடந்தது. நிலம் தேடும் உழைப்பைவிடப் பத்திரம் காட்டுவது எளிது என்று முடிவுசெய்த இடங்களில் நடக்கவில்லை.

சட்டம் இதிலிருந்து ஏதேனும் கற்றதா என்றும் நீங்கள் கேட்கக்கூடும். 1894-ம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி, 2014 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய நிலம் கையகப்படுத்தல் சட்டம், சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. பாசனம், நீர்மின் திட்டங்களில் மூழ்கடிப்புக்கு ஆறு மாதம் முன்னதாக மறுவாழ்வு முடிந்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 1979-ல் ஓராண்டு என்று இருந்த இடைவெளி இங்கே ஆறு மாதம் ஆகியிருக்கிறது. அதைவிட, ‘முடிந்தது’ என்று யார் சான்றளிப்பது, எப்படிச் சரிபார்ப்பது என்பது இன்னும் பழைய இடத்திலேயே நிற்கிறது.

ஆகவே இதுபற்றி மேலும் படிக்கப்போகிறீர்கள் என்றால், எந்த அறிக்கையிலும் மறுகுடியமர்த்தப்பட்ட குடும்பங்களின் மொத்த எண்ணிக்கையைப் பார்த்து நின்றுவிடாதீர்கள். அந்தத் தேதியில் சுவரின் உயரம் என்ன, அந்த உயரத்துக்கு உட்பட்ட ஊர்கள் எவை, அவற்றில் எத்தனை குடும்பங்கள் நிலம் பெற்றன, எத்தனை பணம் பெற்றன, நிலம் என்று எழுதப்பட்டிருப்பது எந்த ஊரில் எந்தப் புல எண்ணில் இருக்கிறது என்று ஐந்தையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஜா ஆணையம் செய்ததும் அடிப்படையில் அதுதான். பத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, அதில் சொன்ன நிலம் இருக்கிறதா என்று பார்த்தது.